இரண்டு முறையா, இல்லவே இல்லையா?

ஒரு ஃபோல்டரில் வந்து விழும் பில்களைத் தானாகவே பிரிண்டருக்கு அனுப்ப, லினக்ஸில் நான்கைந்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் போதும். நிமிடத்துக்கொரு முறை அதை ஓடவிட 'கிரான்' இருக்கிறது. மறுநாள் பார்த்தால் ஒரு பில் இரண்டு பிரதி வந்திருக்கும்; இன்னொன்று வந்தே இருக்காது.

பெயரிலேயே வம்பு தொடங்குகிறது. 'மே மாத பில்' என்ற கோப்பை, இடைவெளி கண்ட இடத்தில் வெட்டி மூன்று கோப்பாக்கிவிடும் பாஷ் ஷெல். கோப்பின் பெயரைத் தாங்கும் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் தீர்ந்தது.

இரட்டைப் பிரதி அப்படிச் சுலபமாகத் தீராது. முதல் ஸ்கிரிப்ட் முடியுமுன் அடுத்த நிமிடத்து ஸ்கிரிப்ட் கிளம்பி, அதே கோப்பை எடுத்துவிடுகிறது. அச்சடித்துவிட்டு நகர்த்தாமல், முதலில் 'எம்வி' கட்டளையால் வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு அச்சடிக்க வேண்டும். ஒரே வட்டுப் பகுதிக்குள் நகர்த்தும்போது கோப்பின் உள்ளடக்கம் அசைவதே இல்லை. பெயர்ப் பதிவு மட்டும் இடம் மாறுகிறது. அதைக் கெர்னல் ஒரே மூச்சில் செய்கிறது. இருவர் ஒரே கணத்தில் பாய்ந்தாலும் ஒருவருக்குத்தான் கோப்பு. மற்றவருக்கு 'அப்படியொரு கோப்பு இல்லை' என்ற பதில். பாதி எழுதிய கோப்பு அச்சாவதையும் இதே வித்தை தடுக்கும்: எழுதும் நிரல் வேறு பெயரில் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் பெயரை மாற்றினால் சரி. வேறு வட்டுக்கு நகர்த்தினால் இந்த வித்தை பலிக்காது. அங்கே நடப்பது நகலெடுப்பு.

அச்சுக்கு அனுப்பும் 'எல்பி' கட்டளை சுழியம் என்று பதில் தந்தால் வெற்றி என்பார்கள். வரிசையில் சேர்ந்துவிட்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. காகிதம் சிக்கியதோ மை தீர்ந்ததோ அதற்குத் தெரியாது. (லினக்ஸின் பழைய பிரிண்டர் நிரலில் 'பிரிண்டர் தீப்பிடித்தது' என்ற எச்சரிக்கை நிஜமாகவே உண்டு!)

இனி, 'எல்பி' ஓடும் அந்தக் கணத்தில் மின்சாரம் போகிறது என்று வையுங்கள். மீண்டும் எழும் ஸ்கிரிப்டுக்கு, கோப்பு அச்சானதா என்று உறுதியாகத் தெரிய வழியில்லை. மறுபடி அனுப்பினால் இரண்டு வரலாம். விட்டால் ஒன்றுமே வராமல் போகலாம். அச்சு வரிசையின் பதிவேட்டைப் பார்த்து இந்த இடைவெளியைக் குறுக்கலாம், மூட முடியாது. எந்தப் பக்கம் தவறுவது என்பதை எழுதுகிறவர்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். காசோலை என்றால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். ஹோட்டல் சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டா, தயங்காமல் மறுபடி அடிக்கலாம். தலையில் ஆர்டர் எண் இருந்தால் மாஸ்டரே ஒன்றைக் கசக்கிப் போட்டுவிடுவார்.