பொம்மை ரயிலும் பெரிய மனிதரும்

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பொம்மை ரயில். அறுபது வயதைக் கடந்த ஒரு தலைமையாசிரியர், குழந்தைகள் விளையாடும் பொருளைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நீங்கள் நகைக்கக்கூடும். ஆனால் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இதில் ஈடுபட்டிருப்போரில் மிகப் பலர் நரைத்த தலையினர். பேரன் பேத்தி எடுத்தவர்கள். அவர்கள் அதனைப் பொம்மை ரயில் என்று சொல்ல ஒப்புவதில்லை; மாதிரி ரயில் என்றே சொல்லுவார்கள். இவ்விரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் நான் சொல்ல வந்த கருத்து அடங்கியிருக்கிறது.

முதலில் அதன் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஜெர்மனியில் கோப்பிங்கன் என்னும் ஊரில் 1859இல் தொடங்கப்பெற்ற மார்க்லின் நிறுவனம், பொம்மை வீடுகளுக்குரிய தகரச் சமையற் பாத்திரங்களைச் செய்துவந்தது. 1891இல் லைப்சிக் நகரச் சந்தையில் அந்நிறுவனம், சாவி கொடுத்தால் ஓடும் ரயில் ஒன்றைத் தண்டவாளத்தோடு காட்சிக்கு வைத்தது. தண்டவாளத்தின் அகலத்தை இன்ன அளவு என்று வரையறுத்ததுதான் அதன் புதுமை. இவ்வாண்டு வாங்கிய பாதையோடு அடுத்த ஆண்டு வாங்கும் பாதையும் பொருந்தும். ஆகவே பிள்ளை வளர வளர அவனுடைய இருப்புப்பாதையும் வளர்ந்தது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துப் பிராங்க் ஹார்ன்பி என்பவர், தம் பிள்ளைகளுக்காகத் துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டி விளையாட்டுச் சாமான்கள் செய்தார். 1901இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்று உலகம் அறிந்த பொருள் அதுவே. அவருடைய நிறுவனத்தின் ரயில்கள் 1920இல் கடைகளுக்கு வந்தன. பிற்காலத்தில் சாவியின் இடத்தை மின்சாரம் பிடித்துக்கொண்டது.

பொம்மை எப்போது மாதிரியாகிறது? அளவு புகும்போது. இங்கிலாந்தில் பெருவழக்காக உள்ள முறைப்படி, உண்மையில் ஓர் அடி நீளமுள்ள பொருள் மாதிரியில் 4 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதாவது 76இல் ஒரு பங்கு. ஐந்தரை அடி உயரமுள்ள ஸ்டேஷன் மாஸ்டர் 22 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பார். ஒரு மைல் என்பது 21 மீட்டருக்குச் சற்று மேற்படும். ஆகவே ஒரு மைல் நீளமுள்ள பாதையை நேராகப் போடுவதற்கு நம் வீட்டு அறைகளில் எதுவும் போதாது.

வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் வண்டி வினாடிக்கு 88 அடி கடக்கிறது. மாதிரியில் அது வினாடிக்கு 35 சென்டிமீட்டர்தான். சிறு குழந்தை விசையை முழுவதும் திருப்பி வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் ஓடவிட்டால், அந்த வண்டி மணிக்கு 170 மைல் வேகத்தில் பறப்பதாகப் பொருள்! எடைக் கணக்கு இன்னும் சுவையானது. நீளம் 76இல் ஒரு பங்காகக் குறைந்தால், அகலமும் உயரமும் அப்படியே குறைகின்றன. எனவே எடை 76இல் ஒரு பங்காகக் குறைவதில்லை. 76ஐ மும்முறை பெருக்கி வரும் தொகையில் ஒரு பங்காகக் குறைகிறது. 100 டன் எடையுள்ள எஞ்சின், உள்ளங்கையில் ஏறக்குறைய 228 கிராம் எடையோடு உட்கார்ந்துவிடுகிறது.

இக்கணக்குகளை நான் வகுப்பறையில் கற்கவில்லை. ஓய்வு பெற்றபின், விடுமுறைக்கு வந்த பேரனுக்காக வாங்கிய ரயில் பெட்டியிலிருந்து கற்றேன். பேரன் ஊர் திரும்பிவிட்டான்; பெட்டி என்னிடம் தங்கிவிட்டது. ஒரு நாள் மாலை, தாளில் அளவு போட்டுக்கொண்டிருந்தபோது பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்து என்னை வருத்தியது.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிது. ஏழாம் வகுப்பில், தண்டவாளத்தில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன் படித்தான். கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எஞ்சின் படங்களாக வரைந்து வைத்திருந்தான். சக்கரங்களின் பக்கத்தில் ஏதேதோ எண்கள். கணக்கு நேரத்தில் கணக்கைப் போடாமல் படம் வரைகிறான் என்று, வகுப்பு முழுவதும் பார்க்க அந்தத் தாள்களைக் கிழித்தேன். அவன் அழவில்லை. அதன்பின் வரையவும் இல்லை. அந்த எண்கள் யாவை என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவன் தந்தையோடு சென்று சக்கரத்தை முழம் போட்டு அளந்து, தாளுக்குத் தக்கபடி குறைத்திருக்கிறான் என்பது நாற்பது ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கிற்று. நான் கரும்பலகையில் விகிதசமம் நடத்திக்கொண்டிருந்தேன். அவன் நோட்டில் அதைச் செய்துகொண்டிருந்தான். செய்து கற்றலே சிறந்த கல்வி என்று பயிற்சிப் பள்ளியில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன் நான். பொழுதுபோக்கை நாம் எவ்வளவு எளிதில் வீண்பொழுது என்று தீர்த்துவிடுகிறோம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மாதிரி ரயில்காரர்களின் அளவுப் பற்றிலும் ஒரு வேடிக்கை உண்டு. உண்மைப் பாதையின் அகலம் 4 அடி எட்டரை அங்குலம். அடிக்கு 4 மில்லிமீட்டர் என்றால் மாதிரிப் பாதையின் அகலம் 18.83 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். ஆனால் இங்கிலாந்துக் கடைகளில் விற்பதோ 16.5 மில்லிமீட்டர். காரணம் என்ன? பிற ஐரோப்பிய நாட்டு வண்டிகளைவிடப் பிரிட்டிஷ் வண்டிகள் உருவில் சிறியவை. அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்ற ஐரோப்பிய அளவில் அவற்றைச் செய்தபோது, அக்காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. ஆகவே வண்டியின் உடலை மட்டும் பெரிதாக்கிவிட்டுப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். 1960களில் இதைப் பொறாத சிலர் 18.83 மில்லிமீட்டருக்கே நெறிமுறைகள் வகுத்து, பாதையையும் சக்கரத்தையும் தம் கையாலேயே செய்யலானார்கள். மற்றவர்களோ, "பிழைதான்; அறிந்தே பொறுத்துக்கொள்கிறோம்" என்று வண்டியை ஓட்டி மகிழ்கிறார்கள். இரு சாராரிடத்தும் எனக்கு மதிப்பு உண்டு. பிழையைப் பிழை என்று அறிந்து பொறுப்பது வேறு. பிழை என்றே அறியாதிருப்பது வேறு. வாழ்க்கையிலும் நாம் பல இடங்களில் பாதையைக் குறுக்கிக்கொள்கிறோம். எத்தனை மில்லிமீட்டர் குறைத்தோம் என்பதையாவது தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இனி, இப்பொழுதுபோக்கு எவ்வளவு உயரத்துக்குச் செல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ராய் இங்கிலாந்து என்னும் இளைஞர் 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தார். நாட்டின் பெயரே அவருக்கும் பெயர். வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்று வழங்கும் பகுதியின் கிராமங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஆனால் அவர் கண்ணெதிரிலேயே கூரை வீடுகள் இடிந்தன. வைக்கோல் வேய்ந்த கூரைகளின் இடத்தில் வேறு கூரைகள் ஏறின. இவற்றைத் தடுக்க அவரிடம் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. கத்தரிக்கோலும் அட்டையும் வண்ணமும் இருந்தன. 1930களின் தொடக்கத்தில் அவ்வீடுகளை ஒவ்வொன்றாக அளந்து, 76இல் ஒரு பங்கு அளவில் செய்யத் தொடங்கினார். சுவரின் செங்கல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வண்ணம் தீட்டுவது அவர் முறை. பின்னர் நண்பர்கள் வந்து சேர்ந்தார்கள். 1954இல் லாங் விட்டன்ஹாம் என்னும் சிற்றூரில் பென்டன் காட்சிசாலை தோன்றியது. 1995இல் அவர் மறைந்தபோதும் வேலை முடியவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் அதைத் தொடர்ந்து செய்தார்கள். தம் வாழ்நாளில் முடியாது என்று தெரிந்தும் ஒரு வேலையைத் தொடங்கும் துணிவைப் பொழுதுபோக்கு என்ற சொல்லால் அளக்க முடியுமா?

இதைக் கேட்கும் ஒருவர், "அந்தக் கூரை வீடுகள் அழகாக இருந்தன என்பது பார்ப்பவருக்குத்தானே? உள்ளே குடியிருந்தவர்களுக்கு ஈரமும் இருளும் அல்லவா வாய்த்தன?" என்று வினவலாம். வினா மிகவும் சரியானது. பழமையை நினைவில் வைப்பது வேறு; பழமைக்குத் திரும்பச் சொல்வது வேறு. எங்கள் ஊர் வழியே ஓடிய மீட்டர் பாதை அகலப்பாதையாயிற்று. பழைய ஸ்டேஷன் கட்டடம் இடிக்கப்பட்டது. அகலப்பாதை வந்தது நன்மையே. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு விரைந்து போக முடிகிறது. நான் அதை எதிர்த்து ஒரு விண்ணப்பமும் எழுதமாட்டேன். ஆயினும் அந்த ஓட்டுக் கட்டடத்தை அட்டையில் செய்து வைக்க முயல்கிறேன். அது அவ்விடத்தில் நின்றது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டுமல்லவா?

இக்காலத்தைப் பற்றி மாதிரி ரயில்காரர்களிடையே ஓயாத வழக்கொன்று உண்டு. எல்லாம் ஆயத்தமாகக் கடையில் கிடைக்கிறது. பெட்டியைத் திறந்தால் ரயில் ஓடுகிறது. கைத்திறன் போய்விட்டது என்று மூத்தவர்கள் குறைப்படுகிறார்கள். நான் அதை முழுவதும் ஏற்கவில்லை. எழுதுகோலை நாமே செய்துகொள்ளாததால் எழுத்து நம்முடையதல்ல என்று ஆகாது. எஞ்சினை வாங்குங்கள், ஸ்டேஷனையாவது செய்யுங்கள். அதுவும் இயலாதென்றால், மேடையோரத்து வேப்பமரத்தையாவது செய்யுங்கள். வாழ்வில் ஏதேனும் ஒரு மூலை நம் கையால் ஆனதாக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

இயந்திரத்துக்கும் திரைக்கும் இப்பொழுதுபோக்கு பகையன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் 1946இல் ஒரு மாதிரி ரயில் சங்கம் தொடங்கினார்கள். வண்டிகளை இயக்கத் தொலைபேசி நிலையங்களில் பயன்படும் கருவிகளைக் கொண்டு சிக்கலான மின்சுற்றுகளை அமைத்தார்கள். அதே மாணவர்களில் சிலர் கழகத்துக்குப் புதிதாக வந்த கணிப்பொறிகளிடம் ஓடினார்கள். 1962இல் அங்கே பிறந்த, புகழ்பெற்ற விண்வெளிப் போர் விளையாட்டை எழுதியவர்களில் முதன்மையான ஸ்டீவ் ரஸ்ஸல் அச்சங்கத்தைச் சேர்ந்தவரே. பொம்மை ரயிலின் கீழே கம்பி முடிந்த விரல்கள்தாம் புதிய யுகத்தின் கதவையும் தட்டின. இன்று கைபேசியைக் கொண்டே மாதிரி ரயிலை ஓட்டலாம். ஆகவே கைபேசியைக் குறை கூறுவதில் பயனில்லை. அது நம் கையில் வேலை செய்கிறதா, நம்மை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வைக்கிறதா என்பதே கேள்வி.

இது தனியறையில் ஒதுங்குவோர் வேலை என்பதும் முழுவதும் உண்மையன்று. லண்டனில் 1910இலேயே இதற்கெனச் சங்கம் ஏற்பட்டது. தாமஸ் என்னும் நீல எஞ்சினின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி, தாமே அமைத்த மாதிரி ரயிலைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுசென்று பிள்ளைகளுக்கு ஓட்டிக்காட்டினார். ஹாம்பர்க் நகரத்தில் இரட்டையரான சகோதரர் இருவர் 2001இல் திறந்த காட்சிசாலையில் இன்று 15 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மாதிரிப் பாதை ஓடுகிறது. ஒருவர் தம் அறையில் செய்ததை இன்னொருவருக்குக் காட்டவேண்டும் என்று எண்ணும்போது கதவு தானே திறந்துகொள்கிறது.

நிறைவாக ஒன்று. ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் எனக்கு மிகவும் துன்பம் தந்தது மணி அடிக்காத காலைநேரம். முப்பத்தைந்து ஆண்டுகள் மணியோசைக்கு எழுந்து நடந்தவன், எவரும் அழைக்காத பகற்பொழுதில் என்ன செய்வதென்று அறியாமல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். இப்போது என் மேசைமீது பாதி முடிந்த ஸ்டேஷன் இருக்கிறது. அதை எவரும் கேட்கவில்லை. எவரும் மதிப்பெண் இடப்போவதில்லை. கூரை அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால் என்னைத் தவிர எவருக்கும் தெரியாது. அதனாலேயே அதைப் பிரித்து மறுபடி ஒட்டுகிறேன். ஏவலும் கூலியும் இல்லாத இடத்தில் ஒருவன் தன் வேலையைச் செம்மையாகச் செய்கிறானா என்று பார்த்தால், அவன் கற்ற கல்வி எத்தகையது என்பது விளங்கும்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் பின்பக்கம் ஏதேனும் வரைந்திருக்கக் கண்டால், கிழிப்பதற்குமுன் அது என்ன என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. மேசைமேலுள்ள ஸ்டேஷனுக்கு ஒரு சிறுவன் உருவமும் செய்துவருகிறேன். 16 மில்லிமீட்டர் உயரம். அவன் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும்.