கக்கின பிள்ளை

"கக்கின பிள்ளை தக்கும்" என்பது நம்மவரிடை வழங்கும் பழமொழி. குடித்த பாலில் ஒரு பகுதியைச் சிறிது நேரத்தில் வாய்வழியே வெளிப்படுத்தும் கைக்குழந்தையைக் கண்டு அஞ்சும் இளந்தாய்க்கு, வீட்டிலுள்ள மூதாட்டி சொல்லும் ஆறுதல் இது. இம்மொழி எவ்வளவு தூரம் உண்மை, எவ்விடத்தில் இதனை நம்பி வாளாவிருத்தல் அபாயம் என்பவற்றை இன்றைய வைத்திய நூலறிவு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கல்லூரிச் சஞ்சிகைக்கு இஃது ஏற்ற பொருளோ என்று மாணவ நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அவர்களுட் பெரும்பாலோர் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பெற்றோராவர். நள்ளிரவில் அழும் சிசுவைக் கையிலேந்தி ஒன்றும் தோன்றாமல் நிற்கும்போது, பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவை துணைக்கு வரமாட்டா. பழைய மாணவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

முதலில் உடலின் அமைப்பைக் காண்போம். வாயினின்று இரைப்பைக்குச் செல்லும் உணவுக்குழல் பிறந்த குழந்தைக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் நீளமே உடையது. அக்குழல் இரைப்பையோடு சேருமிடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று உண்டு. விழுங்கும்போது அது விரிந்து வழிவிடும். மற்ற வேளைகளிற் சுருங்கி வாயிலை மூடியிருக்கும். ஆயினும் விழுங்காத வேளையிலும் அவ்வப்போது சில விநாடிகள் அது தானே தளர்ந்து திறப்பது வழக்கம். இது நோயன்று, இரைப்பையிற் சேர்ந்த காற்று வெளிப்படுவதற்கு இயற்கை அமைத்த வழியேயாம். பெரியோர் ஏப்பம் விடுவதும் இதனாலேயே. நமக்கு உணவு பெரும்பாலும் கெட்டியானது, நாம் நிமிர்ந்திருக்கிறோம், குழலும் நீண்டது. ஆகையால் பெரும்பாலும் காற்று மட்டும் வெளிவருகிறது. சிசுவோ நாள் முழுவதும் படுத்திருப்பது. அதன் உணவு முற்றும் திரவம். மேலும், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 மில்லி லிட்டர் பால் அதற்கு வேண்டும். 60 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் அவ்விகிதப்படி உண்பதானால், நாள்தோறும் 9 லிட்டர் பாலைப் படுத்தபடியே குடிக்கவேண்டும்! விடுதியில் எவரேனும் இதனைச் சோதித்துப் பார்ப்பாராயின், நம் வீடுகளில் எதிர்க்களித்தல் என்றும் வைத்தியசாலைகளில் ரிஃப்ளக்ஸ் என்றும் சொல்லப்படுவது யாதென்பது அவருக்கு விளங்கிவிடும்.

இது எத்தனை குழந்தைகளிடம் காணப்படுகிறது? அமெரிக்காவில் சிகாகோ நகரைச் சூழ்ந்த பகுதியில் 948 குழந்தைகளின் பெற்றோரை வினவிக் கண்ட முடிவு 1997ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாளுக்கு ஒரு முறையேனும் பால் கக்கியவை, மூன்று மாதத்திற்குட்பட்டவற்றுட் பாதி. நான்காம் மாதத்தில் 100க்கு 67. பத்து முதல் பன்னிரண்டு மாதத்திற்குள் 100க்கு 5. குழந்தை உட்காரவும் நிற்கவும் கற்று, கெட்டியான உணவு உண்ணத் தொடங்க, இந்தத் தொல்லை தானே விலகுகிறது. எனவே பழமொழி பெரும்பான்மைக்குப் பொருந்துவதே. ஆனால் இதிலொரு நுட்பமுண்டு. பழமொழி தக்கிய பிள்ளைகளைக் கண்டு எழுந்தது. தக்காத பிள்ளைகள் தம் கதையைச் சொல்ல இருக்கவில்லை.

அவ்விரு வகையினரையும் பிரித்தறிவது எங்ஙனம்? கக்கும் தடவைகளை எண்ணுவதால் பயனில்லை. கக்கிய அளவும் கண்ணை மயக்கும். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். குடித்ததெல்லாம் வெளிவந்துவிட்டது போலத் தோன்றும். நம்பத்தக்க சாட்சி தராசு ஒன்றே. பிறந்த முதற் சில நாட்களில் சிசுவின் எடை பத்திலொரு பங்கு வரை குறைதலுண்டு. இரண்டு வாரத்திற்குள் அது பிறந்த எடையை மீளப் பெறவேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறுதல் முறை. நாளுக்கு ஆறு துணியேனும் சிறுநீரால் நனைகிறதா என்பதையும் தாய் கவனித்துக்கொள்ளலாம். எடை ஏறி, துணி நனைந்து, கக்கிய மறுகணமே முகமலர்ந்து சிரிக்கும் குழந்தைக்கு நோயில்லை. சலவைக்காரர்க்கு வேலை மிகுதி, அவ்வளவே. ஊர்தோறும் அங்கன்வாடியில் தராசும், எடையைக் குறிக்கும் வளர்ச்சி அட்டையும் உண்டு. அயலார் சொல்லைக் காட்டிலும் அந்த அட்டையில் ஏறிச்செல்லும் கோடு மேலான ஆறுதல்.

எடை ஏறாமையோடு வேறு சில குறிகள் சேருமாயின் காத்திருத்தல் தகாது. இவற்றுள் முதன்மையானது பச்சை நிறமான வாந்தி. பித்தநீர் கலந்த அப்பச்சை, குடல் முறுக்கிக்கொண்டதன் அறிகுறியாக இருக்கக்கூடும். நாட்கணக்கிலன்று, மணிக்கணக்கிற் குடலின் உயிர் போய்விடும். பொழுது விடியட்டும் என்று இராமல் அப்போதே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தியில் இரத்தம், காய்ச்சல், வயிற்றுப்புசம், உச்சிக்குழி புடைத்தல், எழுப்பினும் எழாத சோர்வு, பால் குடிக்கையில் மூச்சுத்திணறி நீலம் பாய்தல் ஆகியவையும் இவ்வகையினவே. ஆறு மாதம் வரை கக்காதிருந்த பிள்ளை புதிதாகக் கக்கத் தொடங்கினும், ஓராண்டு கடந்தும் கக்கல் நில்லாவிடினும் வைத்தியர் காணவேண்டும்.

மற்றொரு நோய் பழமொழியை நம்பினோரை மெல்ல ஏமாற்றுவது. மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரத்திற்குள், அதுவரை நன்றாயிருந்த குழந்தை, பெரும்பாலும் ஆண்குழந்தை, பால் குடித்தவுடன் சற்றுத் தொலைவிற் போய் விழும்படி பீறிட்டு வாந்தியெடுக்கும். எடுத்த உடனே பசியால் மறுபடியும் பாலுக்கு அலையும். இரைப்பையிலிருந்து குடலுக்குச் செல்லும் வாயிலின் தசை தடித்து வழியை அடைத்துக்கொள்வதே காரணம். இந்நோயை டென்மார்க்கு தேசத்து ஹிர்ஷ்ஸ்பிருங் என்பார் 1888இல் தெளிவாக விவரித்தார். ஆயினும் நெடுங்காலம் இதற்கு நல்ல பரிகாரமில்லை; சிசுக்கள் பலர் மெலிந்து மடிந்தனர். ஜெர்மனியில் ராம்ஸ்டெட் என்னும் ரண வைத்தியர், தடித்த தசையை மட்டும் நீளக் கீறி, உட்சவ்வைத் தொடாது விட்டுவிடும் எளிய முறையை 1912இல் வெளியிட்டார். இன்றும் அம்முறையே கையாளப்படுகிறது. உடலில் இழந்த நீரையும் உப்பையும் முன்னர் ஈடுசெய்துவிட்டுச் செய்யும் இச்சிகிச்சையால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் பிழைக்கின்றன. வேண்டுவது, உரிய காலத்திற் கொண்டுபோதலே. குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை வழிப்பாரிடமும், தொக்கம் எடுப்பாரிடமும் பத்து நாள் கழித்துவிட்டு வரும் குழந்தை, தோலும் எலும்புமாய் வருகிறது.

இனி நோயற்ற, ஆனால் பாற்குடியிற் தொல்லைப்படும் குழந்தைக்கு வருவோம். இவ்விடத்தில் வீட்டார் முதலிற் குற்றம் சாட்டுவது தாயையே. பால் பற்றவில்லை, பால் கெட்டுவிட்டது, நீ உண்டது சேரவில்லை என்று ஆளுக்கொன்று சொல்ல, அவள் மனமுடைந்து தாய்ப்பாலை நிறுத்திப் புட்டியைக் கையிலெடுக்கிறாள். இதனினும் பெரிய பிழை வேறில்லை; ஏனெனில் தாய்ப்பால் மாப்பாலைக் காட்டிலும் விரைவில் இரைப்பையை விட்டு நீங்குவது. பல வேளைகளில் பிழை குழந்தை வாய்வைக்கும் முறையிலேயே இருக்கும். முலைக்காம்பை மட்டும் கவ்வாமல் அதைச் சூழ்ந்த கருமையான பகுதியையும் பெரிதும் வாய்க்குள் ஏற்று, மோவாய் மார்பிற் படியும்படி குடித்தால் காற்று உட்செல்வது குறையும். வாய்வைத்தல் சரியாயிருந்தும் தாய்க்கு நோவு தீராவிடின், நாவின் அடிப்பட்டை குறுகியதா என்று தேர்ந்த செவிலியரைப் பார்க்கச் சொல்லலாம். பால் பீறிட்டுச் சுரப்பதால் திணறும் குழந்தைக்கு, தாய் சற்றே பின்சாய்ந்து அமர்ந்து ஊட்டுதல் நன்று. புட்டிப்பால் குடிப்பதாயின், மொத்த அளவைக் குறைக்காமல், தடவைக்குச் சிறிதாகப் பன்முறை கொடுக்கவேண்டும். அழுகின்ற வாயில் சங்காலோ பாலாடையாலோ பாலை ஊற்றிப் புகட்டுதல் மட்டும் கூடவே கூடாது; மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

குடித்தபின் 20 அல்லது 30 நிமிஷம் தோளில் நிமிர்த்தி வைத்திருத்தல் பழைய வழக்கம். நல்ல வழக்கமும் ஆகும். அப்போதே தூளியிலிடுதல் வேண்டாம். உடல் வளைந்து வயிறு அழுந்தும். உறங்க வைப்பது எப்படி என்பதிற் பலருக்கும் ஐயம். மல்லாந்து படுத்தால் கக்கிய பால் மூச்சில் ஏறிவிடும் என்று எண்ணிக் குப்புறக் கிடத்துவாருண்டு. உண்மை இதற்கு மாறானது. மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாக அமைவதால் பால் கீழேயே தங்கும்; குப்புறக் கிடக்கும் சிசுவுக்கோ உறக்கத்திலேயே திடீர் மரணம் நேரும் அபாயம் மிகுதி. ஆகவே எதிர்க்களிக்கும் குழந்தையும் சமதளத்தில் மல்லாந்தே உறங்கவேண்டும். சரிவான படுக்கைகளில் குழந்தைகள் இறக்கக் கண்டு, அவற்றின் விற்பனையை அமெரிக்கா 2022ஆம் ஆண்டிற் சட்டத்தால் தடுத்தது.

மருந்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நம் வீடுகளில் இன்றும் இருக்கும் கிரைப் வாட்டர், 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தில் வில்லியம் உட்வர்ட் என்பார் செய்தது. சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும் சர்க்கரையுமன்றி, அந்நாளில் அதிற் சாராயமும் சேர்ந்திருந்தது. குழந்தைகள் அமைதியுற்றதில் வியப்பென்ன? பிற்காலத்து மருந்துகளின் கதையும் மெச்சத்தக்கதன்று. சிஸாபிரைட் என்னும் மருந்து இருதயத் துடிப்பைக் கெடுப்பது கண்டு 2000ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையை விட்டு நீங்கியது. ரானிடிடின், புற்றுநோய் விளைக்கக்கூடிய மாசு கலந்திருந்தமையால் 2020இல் நீங்கியது. அமிலத்தைக் குறைக்கும் லான்ஸோபிரஸோலை 2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சியிற் சோதித்தனர். ஓராண்டு நிரம்பாத 162 சிசுக்களுட் பாதிக்கு மருந்தும் பாதிக்கு மருந்தற்ற போலியும் தந்தனர். இருசாராருள்ளும் தேறியவர் சமம், 81க்கு 44 பேர். மருந்துண்டவரிடையே மார்புச்சளி நோய் முதலிய கொடிய தீங்குகள் மிகுந்தன. உணவுக்குழல் உண்மையிலேயே புண்பட்ட சிலருக்கு வைத்தியர் இவற்றைத் தருவர். அழுகைக்கு இவை மருந்தல்ல.

போலியுண்டவரும் பாதிக்கு மேற்பட்டோர் தேறியது ஏன்? பிரேஸல்டன் என்னும் குழந்தை வைத்தியர் 80 சிசுக்களின் அழுகையைக் குறித்துவைத்து 1962இல் வெளியிட்டார். ஆறாம் வாரத்தில் அவை நாளொன்றுக்குச் சுமார் 2¾ மணி நேரம் அழுதன. அதன்பின் அழுகை தானே தணிந்தது. உச்சத்தில் நிற்கும்போது எம்மருந்தைத் தொடங்கினும் பத்து நாளில் அதற்குப் புகழ் வந்துவிடும். ஆனால் அழுகையோடு மலத்தில் இரத்தமும் தோலிற் கரப்பானும் காணின், பசும்பாற் புரதம் ஒவ்வாமை இருக்கக்கூடும். வைத்தியர் சொற்படி, தாய் தன் உணவில் பாலும் தயிரும் மோரும் சில வாரம் நீக்கிப் பார்த்து, பின் மீண்டும் உண்டு பார்த்தே அதனை உறுதி செய்யவேண்டும். தயிர்ச்சாதமின்றி இருப்பது நம்மவர்க்கு எளிதன்று. காரணமின்றி ஒரு தாயை இதற்கு உட்படுத்தலாகாது.

பாலூட்டுதல் தாயொருத்தியால் மட்டும் ஆவது. ஊட்டியபின் அந்த அரைமணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருத்தலும், முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்தலும், கக்கிய துணியை மாற்றுதலும் அங்ஙனமல்ல, எவராலும் ஆவன. இரவு 2 மணிக்கு அவற்றைத் தந்தை ஏற்றுக்கொள்வாராயின், தாய்க்கு அடுத்த ஊட்டலுக்குள் இரண்டு மணி நேரமேனும் உறக்கம் கிட்டும். தோளிற் போட்டுக்கொள்ளப் பழைய வேட்டியை நான்காக மடித்த துணி போதும். புதுச்சட்டை அணிந்திருக்கும்போது மட்டும் குழந்தையை எடுக்கவேண்டாம்.