கார்வாரோடு முடியாத கடல்

2017 டிசம்பர் தொடக்கம். ஒக்கிப் புயலில் திசைமாறிய 68 மீன்பிடிப் படகுகள் மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்தில் வந்து ஒதுங்கின. 66 கேரளப் படகுகள், 2 தமிழ்நாட்டுப் படகுகள், மொத்தம் 952 பேர். கேரளப் பதிவுப் படகுகளில் குமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரத்து ஆட்கள் வேலை பார்ப்பது வழக்கம் என்பதால், அந்தக் கணக்கை வைத்து எத்தனை பேர் தமிழர் என்று சொல்லிவிட முடியாது. மகாராஷ்டிர அரசு அவர்களுக்குச் சாப்பாடு போட்டது, மருத்துவம் பார்த்தது. மனம் நிறைய நன்றி சொல்ல வேண்டிய செயல் அது.

ஆனால் புயல் இல்லாத நாளில் வெளிமாநிலப் படகு ஒன்று அனுமதியின்றி அதே கரையோரம் வலை விரித்தால் பிடித்து அபராதம் போடுவார்கள். கர்நாடகத்தின் மால்பேயிலிருந்து வரும் விசைப்படகுகள் தங்கள் மீனை அள்ளிப் போகின்றன என்பது தேவ்கட் இருக்கும் சிந்துதுர்க் மாவட்ட மீனவர்களின் தீராத புகார். புகாரில் நியாயம் இருக்கிறது. சிறு வலைக்காரர் பிழைப்பு கரையோரக் கடலை நம்பித்தான்.

சட்டம் இப்படி: கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் அதிகாரம். அதற்கு அப்பால், 200 கடல் மைல் வரை, ஒன்றிய அரசு. மகாராஷ்டிரத்துக்கு 1981-இல் இயற்றிய சொந்த மீன்பிடிச் சட்டம் உண்டு. மற்றக் கடலோர மாநிலங்களுக்கும் அவரவர் சட்டம். மீனுக்கு இந்த எல்லை எதுவும் கிடையாது. குஜராத் கரையில் குஞ்சாகத் திரிந்தது மும்பைக் கரையில் வலையில் விழும்.

மாநிலங்கள் ஒத்துப்போன காரியமும் ஒன்று உண்டு, மழைக்காலத் தடை. ஒன்றிய அரசின் கடற்பரப்பில் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மாநிலங்களும் பெரும்பாலும் அதையே பின்பற்றுகின்றன. ஜூன் பிற்பாதியில் மும்பையின் தாராவியிலோ செம்பூரிலோ மீன் வாங்கப் போனால் விலை ஏறியிருப்பதும், சரக்கு எங்கிருந்தோ ஐஸ் பெட்டியில் வந்திருப்பதும் இதனால்தான்.

அந்த ஒற்றுமையும் முழுசாக இல்லை. கேரளத்தில் இழுவைமடிப் படகுக்குத் தடை 52 நாள்தான். குஜராத் அண்மை ஆண்டுகளில் ஆகஸ்ட் 15 வரை நீட்டியது. நடுவில் இருக்கும் மகாராஷ்டிரம் ஆகஸ்ட் 1-இல் படகை இறக்குகிறது. இங்குள்ள மீனவர் அமைப்புகள் சிலவும் ஆகஸ்ட் 15 வரை தடை கேட்கின்றன. நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் விட்டபின் படகு இறக்குவது இங்குள்ள மீனவச் சமூகமான கோலிகளின் மரபு. அது பெரும்பாலும் ஆகஸ்டில்தான் வரும். மாநிலங்கள் பிறக்கும் முன்பே இருந்த அந்த ஒழுங்குக்குத் திரும்பச் சொல்கிறார்கள். அதில் எனக்கும் உடன்பாடே.

வாவல் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பைச் சந்தையில் பாப்லெட். 2023-இல் மகாராஷ்டிரம் வெள்ளை வாவலை மாநில மீனாக அறிவித்தது. அதே ஆண்டில் 54 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவும் விதித்தது. வாவலுக்கு 135 மில்லிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனியைக்கூடத் தொடாத அளவு. அதைவிடச் சிறிய வாவல்கள் சந்தையில் கூறு கட்டிக் கிடப்பதைக் கண்டவர்களுக்குத் தெரியும்: ஒருமுறைகூட முட்டையிடாமல் சட்டிக்குப் போகும் மீன் அது. கடல் ஒன்றாக இருந்தும் அளவு விதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத்தான் போடுகிறது. ஓரிடத்தில் விற்கக்கூடாத குஞ்சு இன்னோரிடத்தில் ஏலத்துக்கு வருமென்றால், விதியை மதித்த மீனவர்தான் நஷ்டப்படுவார்.

எல்லை பார்க்காதது மீன் மட்டுமா? 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் குமரிக் கரை வரை ஒதுங்கின.

இதையெல்லாம் உட்கார்ந்து பேச இடம் இருக்கிறதா? 1956-இன் மாநில மறுசீரமைப்புச் சட்டம் மண்டலக் குழுக்களை உருவாக்கியது. குஜராத், மகாராஷ்டிரம், கோவா மூன்றும் மேற்கு மண்டலக் குழுவில். அதன் 27-ஆவது கூட்டம் 2025 பிப்ரவரியில் புனேயில் நடந்தது. கர்நாடகமும் கேரளமும் தெற்கு மண்டலக் குழுவில். ஆக, அரபிக் கடலின் ஒரே கரை, கர்நாடகம் கோவாவைத் தொடும் கார்வாருக்குப் பக்கத்தில் இரண்டு மேசைகளாகப் பிரிந்துவிடுகிறது. தரையை மனத்தில் வைத்துப் போட்ட கோடு இது.

பால்டிக் கடலைச் சுற்றியுள்ளவர்கள் இதைவிடக் கடினமான நிலையில் தொடங்கினார்கள். பனிப்போர் நடுவே, 1974-இல், இரு முகாம்களையும் சேர்ந்த ஏழு நாடுகள் கடல் மாசைத் தடுக்க ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் போட்டன. 1993-இல் அந்நாடுகளுக்குள் இருக்கும் மாகாண அரசுகள் தங்களுக்கென்று தனி அமைப்பே கண்டன. நமக்கோ ஒரே நாடு, ஒரே அரசமைப்பு.

புதுச் சட்டமும் தேவையில்லை. இரண்டு மண்டலக் குழுக்களுக்கும் தலைவர் ஒன்றிய உள்துறை அமைச்சர்தான். குழுக்கள் சேர்ந்து கூட்டுக் கூட்டம் நடத்த அதே 1956 சட்டத்தின் 22-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. குஜராத் முதல் கேரளம் வரை ஐந்து மாநிலங்களையும் ஒருசேர அழைத்து, தடை நாள், மீன் அளவு, புயலில் ஒதுங்கும் படகுக்கு எந்தத் துறைமுகத்திலும் அனுமதி ஆகிய மூன்றை மட்டும் முதல் கூட்டத்தில் முடித்துவிடலாம். அடுத்த ஜூனுக்குள் அழைப்பு போக வேண்டும்.