தன்மைப் பன்மையில் உளப்பாடு: தமிழ், மராத்தி, குஜராத்தி ஒப்பீடு

0. முன்னுரை

இரு மொழிகளில் ஒரே இலக்கணக் கூறு காணப்படுமாயின் அதற்கு மூன்று காரணங்கள் இருத்தல் கூடும். ஒன்று இன உறவு; மற்றொன்று நெடுங்காலத் தொடர்பு; பிறிதொன்று மனித மொழிகளுக்குப் பொதுவான இயல்பு. எக்காரணத்தால் அமைந்தது என ஆராயாமல் ஒப்புமைகளை வெறுமனே தொகுப்பதால் பயன் குறைவு. மும்பையின் காட்கோபர்ப் பகுதியில் அருகருகே வழங்கும் தமிழ், மராத்தி, குஜராத்தி ஆகிய மூன்றிலும் ஒத்துக் காணப்படும் தன்மைப் பன்மைப் பாகுபாட்டை இந்நோக்கில் ஆராய்வதும், அதனால் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கலைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. தொடர்பின்றி அமையும் ஒப்புமை

முதற்கண் தொலைவிலுள்ள இரு மொழிகளை நோக்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, ஐவரி கோஸ்ட் ஆகிய நாடுகளில் வழங்கும் அகான், நைகர்-காங்கோ இனத்தைச் சார்ந்தது. அயர்லாந்தின் ஐரிஷ், இந்தோ-ஐரோப்பிய இனத்தின் கெல்டிக் கிளையைச் சார்ந்தது. இவ்விரண்டிற்கும் இன உறவு நிறுவப்படவில்லை. ஒன்றன் அமைப்பை மற்றொன்று மாற்றத்தக்க நெருங்கிய தொடர்பும் இருந்ததில்லை. எனினும் ஓர் ஒலியனியல் ஒப்புமை உண்டு. அகானில் 'வா' எனப் பொருள்படும் வினை, ஒலிப்புடைய பகரத்தில் தொடங்கும் 'பா' என்பதாகும். எதிர்மறை குறிக்கும் மூக்கொலி முன்னொட்டுச் சேரும்போது அப்பகரம் மகரமாகி 'ம்மா' என வரும். ஐரிஷில் படகைக் குறிக்கும் 'பாட்' என்னும் சொல்லும் ஒலிப்புடைய பகரத்தில் தொடங்குவதே. 'ஆர்' என்னும் தன்மைப் பன்மை உடைமைச் சொல்லின் பின் அது 'மாட்' என ஒலிக்கும். முற்காலத்தில் முன்சொல்லின் இறுதியில் நின்று பின்னர் மறைந்த மூக்கொலியே இம்மாற்றத்திற்குக் காரணம். மூக்கொலி தன்னை அடுத்து வரும் ஒலியைத் தன்வயப்படுத்துதல் பேச்சுறுப்புகளின் இயல்பு. ஆகவே இவ்வொப்புமைக்கு வரலாற்றுத் தொடர்பைத் தேட வேண்டியதில்லை.

ஐரிஷின் 'ஆர்' என்பது தமிழின் 'நம்', 'எங்கள்' ஆகிய இரண்டிற்கும் பொதுவாக நிற்பது. கேட்போரை உள்ளடக்குவதா, விலக்குவதா என்னும் பாகுபாடு ஐரிஷிலும் இல்லை, அகானிலும் இல்லை. காட்கோபரில் வழங்கும் மும்மொழிகளிலோ அது தெளிவாக உண்டு.

2. மும்மொழிகளில் உளப்பாடு

கேட்போரையும் உள்ளடக்கும் வடிவத்தை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை எனத் தமிழ் இலக்கண மரபு வழங்கும். 'செலவு', 'செலுத்து' என்னும் பொருளுடைய சொற்களைக் கொண்டு அமைத்த பின்வரும் தொடர்கள் இப்பாகுபாட்டை விளக்கும்.

(அ) தமிழ்: செலவை நாங்கள் கட்டுவோம் / செலவை நாம் கட்டுவோம்
(ஆ) மராத்தி: கர்ச் ஆம்ஹீ பரூ / கர்ச் ஆபண் பரூ
(இ) குஜராத்தி: கர்ச் அமே பரீஷும் / கர்ச் ஆப்ணே பரீஷும்
(ஈ) இந்தி: கர்ச் ஹம் பரேங்கே

முதல் மூன்று மொழிகளிலும் வினைமுற்று மாறவில்லை. பெயர் ஒன்றே பொருளை வேறுபடுத்துகிறது. செந்தர இந்தியில் 'ஹம்' இரு பொருளுக்கும் பொதுவாகிறது.

3. ஒப்புமையின் காரணம்

தமிழின் 'நாம்', தெலுங்கின் 'மனமு' ஆகியவற்றிடையே உள்ள பொருளொற்றுமை இன உறவின் பாற்பட்டது. மராத்திக்கும் குஜராத்திக்கும் இவ்விளக்கம் பொருந்தாது. அவை இந்தோ-ஆரிய மொழிகள். சமஸ்கிருதத்தில் இப்பாகுபாடு இல்லை. அன்றியும், 'ஆபண்', 'ஆப்ணே' என்பன திராவிடத்திலிருந்து பெற்ற கடன் சொற்கள் அல்ல. 'ஆத்மன்' என்னும் தற்சுட்டுச் சொல்லின் வழிவந்தவை. சொல் தமக்குரியது, அச்சொல் நிரப்பிய இலக்கண இடம் திராவிடத்தோடு ஒத்தது. எமனோ 1956இல் வெளியிட்ட 'இந்தியா ஒரு மொழியியற் பரப்பு' என்னும் கட்டுரை இத்தகைய அமைப்புப் பரவலை ஆராயும் நெறியை வகுத்தது. சவுத்வர்த் 1971இல் மராத்தியின் தோற்றத்திலேயே மொழிக்கலப்பு இருந்திருத்தல் கூடும் என வாதிட்டார்.

ஈண்டு இரு எச்சரிக்கைகள் வேண்டும். ஒன்று, இவ்வொப்புமை காட்கோபரில் தோன்றியதன்று. மும்பை நகரத்தினும் பழமையானது. மற்றொன்று, மராத்திக்கு அண்டை மொழியாகிய கன்னடத்தின் இக்காலப் பொது வழக்கில் 'நாவு' என்பதே இரு பொருளையும் குறிக்கிறது. எனவே அண்மை ஒன்றையே சான்றாகக் கொள்ளுதல் இயலாது. வடிவங்கள் மாறியும் பாகுபாடு நிலைப்பதற்குத் தமிழே சான்று. பழந்தமிழின் 'யாம்' பேச்சு வழக்கிழந்தபோது 'நாங்கள்' என்பது அதன் இடத்தைப் பெற்றது.

4. மொழிபெயர்ப்புச் சிக்கல்

காட்கோபரின் ஒரு குடியிருப்புச் சங்கம், பழுதுபார்க்கும் செலவைப் பற்றி மராத்தியில் சுற்றறிக்கை விடுப்பதாகக் கொள்வோம். அதில் உள்ள 'ஆபண் பரூ' என்பது இந்தியில் 'ஹம் பரேங்கே' ஆகி, அதன் வழியே தமிழில் 'நாங்கள் கட்டுவோம்' என வருமாயின், செலவு முழுவதையும் நிர்வாகக் குழுவே ஏற்பதாகத் தமிழர் பொருள் கொள்வர். மூலத்திலும் இலக்கிலும் உள்ள பாகுபாடு இடைமொழியில் அழிந்துவிடுகிறது. ஆங்கிலம் இடைமொழியாயினும் விளைவு இதுவே.

நேரடி மொழிபெயர்ப்பிலும் கவனம் தேவை. மராத்தியின் 'ஆபண்' என்பது 'நாம்' என்பதோடு 'தாங்கள்' என்னும் முன்னிலை உயர்வையும் குறிக்கும். 'ஆபண் பரூ' தன்மை, 'ஆபண் பரால்' முன்னிலை என வினை ஈறு காட்டும். ஆயின் இறந்தகாலத்தில் வினை செயப்படுபொருளோடு இயையும் இடங்களில் சூழலைக் கொண்டே பொருள் துணிய வேண்டும்.

மூலம் இந்தியாகவோ ஆங்கிலமாகவோ இருந்து சூழலும் உதவாதபோது, தமிழில் எழுவாயை விடுத்து 'கட்டினோம்' என எழுதினால் மூலத்தின் பொதுமை பெரும்பாலும் காக்கப்படும். எதிர்காலத்தில் இவ்வுத்தி முழுமையாகப் பயன்படாது. 'கட்டுவோம்' எனத் தனித்து நிற்பது கேட்போரையும் அழைக்கும் பொருளை நோக்கிச் சாயும்.

5. முடிவுரை

அகான்-ஐரிஷ் ஒப்புமை பேச்சுறுப்பின் இயல்பால் அமைந்தது. தமிழ்-தெலுங்கு ஒப்புமை இன உறவால் அமைந்தது. தமிழ், மராத்தி, குஜராத்தி ஒப்புமைக்குத் தொடர்பே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. மொழியியலார்க்கு இது வரலாற்றுச் சான்று. மொழிபெயர்ப்பாளர்க்கோ, அண்டை மொழியை இடைமொழியின்றி நேரே கற்பதற்குரிய காரணம். செலவை யார் ஏற்பது என்பதையே அவர் தேரும் ஒரு சொல் முடிவு செய்கிறது.