எம்டன் செய்தியைத் தேடிப் பிடிப்பது எப்படி?

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுகளால் தாக்கியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அடுத்த நாட்களில் பத்திரிகைகள் என்ன எழுதின என்று இன்று பார்க்க முடியுமா? முடியும். ஆனால் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டிவிட்டு, ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று எழுந்துவிடக் கூடாது.

செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்த தாள். அதில் தங்கிவிடும் லிக்னின், வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும். அமிலம் ஏறி, மடித்த இடத்தில் தாள் ஒடியும். அதனால்தான் நூலகங்கள் பக்கங்களை மைக்ரோஃபிலிம் சுருளில் படமெடுத்து வைத்தன. இணையத்தில் இருக்கும் பழைய இதழ்கள் பல, அந்தச் சுருள்களிலிருந்து ஸ்கேன் செய்தவை. சுருளில் விழுந்த கீறல் திரையிலும் தெரியும்.

இந்தப் படங்களை எழுத்துணரி மென்பொருள் படித்து, சொற்களாக்கிச் சேமிக்கிறது. நம் தேடல் நடப்பது அந்தச் சொற்களில்தான்; அச்சான பக்கத்தில் அல்ல. மை பரவியிருந்தால், எம்டனின் ஆங்கில எழுத்துகளில் ‘எம்’மை ‘ஆர்’, ‘என்’ என்று இரண்டாகப் பிரித்துப் படித்துவிடும். செய்தி அங்கேயே இருக்கும், தேடலில் மட்டும் சிக்காது. தமிழில் சிக்கல் இன்னும் கூடுதல்: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்கள் வேறு.

ஆகவே பெயரை விட்டுவிட்டுத் தேதியைப் பிடியுங்கள். செப்டம்பர் 23 முதல் ஒரு வாரத்து இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். அன்றைய சொற்களையே போடுங்கள்: ஆங்கில இதழ்களில் ஊர் ‘மெட்ராஸ்’. ‘முதல் உலகப் போர்’ என்ற பெயர் 1914இல் வழக்கத்தில் இல்லை.

ஊரையும் மாற்றிப் பாருங்கள். அக்டோபர் 28 அன்று எம்டன் பினாங்கைத் தாக்கியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை வீழ்த்தியது. எனவே சிங்கப்பூர், ஆஸ்திரேலிய நாளிதழ்களிலும் சங்கதி கொட்டிக் கிடக்கும். சிங்கப்பூரின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி, ஆஸ்திரேலியாவின் ட்ரோவ் இரண்டிலும் அக்கால இதழ்களை இலவசமாகப் படிக்கலாம். ட்ரோவில் மென்பொருளின் பிழைகளை வாசகரே திருத்தலாம், அருமையான ஏற்பாடு. புரோகுவெஸ்ட் போன்ற கட்டணத் தொகுப்புகளுக்குப் பல்கலைக்கழக நூலகங்கள் சந்தா கட்டுகின்றன. மாணவர்கள் நூலகரிடம் கேட்டால் வழி சொல்வார். பழைய தமிழ் அச்சுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

வீட்டுப் பரணில் பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டு கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு நூலகத்துக்குச் சொல்லுங்கள்.