எட்டு கோர் இருந்தா போதுமா? போன் பிராசஸரும் பேட்டரியும் – சில குறிப்புகள்

பூந்தமல்லி, ஆவடி பக்கம் எந்த மொபைல் கடையில விசாரிச்சாலும் முதல்ல காதுல விழற வார்த்தை "ஆக்டா கோர்". எட்டு கோர் இருந்தா வேகம், பேட்டரியும் நிக்கும்னு நம்பி வாங்குறவங்கதான் அதிகம். நாள் முழுக்க மேப் பார்த்து டெலிவரி ஓட்டுறவருக்கு சாயங்காலம் நாலு மணிக்கு போன் அணைஞ்சா, அன்னிக்கு மிச்ச வருமானம் போச்சு. அதனால இந்த எட்டுக்கு உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிறது நல்லது.

கோர்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரெண்டு ஜாப் ஒர்க் பட்டறை இருக்குன்னு வெச்சுக்குவோம். ஒண்ணுல ஒரே ஆள். ஆர்டர் வந்த வரிசையிலதான் செய்வார். முதல் ஆர்டருக்கு மெட்டீரியல் வரலைன்னா காத்திருப்பார். இன்னொண்ணுல ஒரு சூப்பர்வைசர் உண்டு. மெட்டீரியல் வராத வேலையை ஒதுக்கிவிட்டு, கையில இருக்கிற அடுத்த ஆர்டரை எடுப்பார். வேலை சீக்கிரம் முடியும். ஆனா சூப்பர்வைசர் சம்பளம், கணக்கு நோட்டு, கூடுதல் இடம் எல்லாம் செலவு. ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ் ஏ53 முதல் வகை, ஏ72 இரண்டாம் வகை. அந்த சூப்பர்வைசருக்கான டிரான்சிஸ்டர்கள் குடிக்கிற மின்சாரம்தான் பெரிய கோரின் விலை.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. சென்னை ஐஐடி உருவாக்கிய 'சக்தி' பிராசஸர் குடும்பத்திலும் இதே பிரிவு. சி-கிளாஸ் வரிசைப்படி வேலை செய்யும் 64 பிட் கோர்; ஐ-கிளாஸ் வரிசையை மாற்றிச் செய்யும் பெரிய வகை. எந்த வேலைக்குன்னு முடிவு பண்ணாம கோர் வடிவமைக்க முடியாது.

ரெண்டையும் ஒரே சிப்பில் வைக்கும் யோசனையை ஆர்ம் 2011-இல் 'பிக்.லிட்டில்' என்ற பெயரில் அறிவித்தது. வாட்ஸ்அப் மெசேஜ் வாங்குறது, பாட்டு ஓடுறது சின்ன கோருக்கு. கேம், கேமரா பெரிய கோருக்கு. 2013-இல் இந்தியாவில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்4, எக்ஸினாஸ் 'ஆக்டா' சிப்போடு வந்தது. ஆனா அதுல ஒரு நேரத்தில் நாலு பெரிய கோர் ஓடும், இல்லைன்னா நாலு சின்ன கோர் ஓடும். எட்டும் சேர்ந்து ஓடாது!

அடுத்து வோல்டேஜ். சிப் இயங்கும்போது செலவாகும் மின்திறன், வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். வேகத்தைப் பாதியாக்கி, வோல்டேஜை 1.0-லிருந்து 0.7-க்கு இறக்கினால், மின்திறன் ஏறக்குறைய கால் பங்கு. வேலை முடிய இரட்டிப்பு நேரம் ஆகும். கணக்கு போட்டா, அதே வேலைக்கு பேட்டரியிலிருந்து போறது சுமார் பாதிதான். பவர் சேவர் போடும்போது போன் பெரும்பாலும் செய்றது இதைத்தான். ஆனா ஸ்க்ரீன் எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது ரொம்ப மெதுவா ஓட்டினாலும் நஷ்டம். வேலை முடியற வரைக்கும் ஸ்க்ரீனும் தின்னுக்கிட்டே இருக்கும். அதனால சில வேலையை வேகமா முடிச்சுட்டு தூங்கப் போறதுதான் லாபம்.

மூணாவது, சிப் எந்த நானோமீட்டர் முறையில் தயாரானது என்பது. இதுக்கு நல்ல பாடம் ரெட்மி நோட் 3-யும் நோட் 4-உம். ரெண்டுக்கும் 5.5 அங்குல ஸ்க்ரீன், பேட்டரியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. 2016-இல் வந்த நோட் 3-இல் ஸ்னாப்டிராகன் 650: ரெண்டு ஏ72, நாலு ஏ53, 28 நானோமீட்டர். 2017-இல் வந்த நோட் 4-இல் ஸ்னாப்டிராகன் 625: எட்டும் ஏ53, ஆனா 14 நானோமீட்டர். ஒரு கனமான வேலையைத் தனியா முடிக்கிறதில் பழைய 650 வேகம். பேட்டரி தாக்குப்பிடிச்சது 625-இல். கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தா இந்த ரெண்டில் எதுவுமே புரிஞ்சிருக்காது.

இன்னொரு பக்கம், பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 2019-இல் அசெம்பிள் ஆன ஐபோன் எக்ஸ்ஆர். மொத்தமே ஆறு கோர்: ரெண்டு பெரியது, நாலு சின்னது, 7 நானோமீட்டர். பேட்டரி 2,942 மில்லி ஆம்பியர் ஹவர்தான். ஆனாலும் அன்றைய பல எட்டு கோர் போன்களைவிட அது வேகம். ஒரு நாளும் தாங்கியது.

ஆக, கடையில கேட்க வேண்டியது மூணு: எட்டில் பெரிய கோர் எத்தனை? அது என்ன வகை? சிப் எத்தனை நானோமீட்டர்? வெறும் கால், வாட்ஸ்அப், மேப் என்றால் புதிய தயாரிப்பு முறையில் வந்த சின்ன கோர்கள் போதும். கேமும் வீடியோ எடிட்டிங்கும் வேணும்னா ரெண்டு பெரிய கோராவது அவசியம். சிக்னல் வீக்கான இடத்திலும் வெயிலில் முழு வெளிச்சத்திலும் நாள் பூரா ஓட்டுறவங்களுக்கு மோடமும் ஸ்க்ரீனும்தான் பெரிய செலவு. அங்கே எந்த கோரும் காப்பாத்தாது. பெரிய பேட்டரிக்குக் காசு போடுறதுதான் புத்திசாலித்தனம்.