பெயர் ஒன்று, பெண்கள் இருவர்

பெயர் ஒன்றாயிருந்தால் ஆளும் ஒருவரே என எண்ணிவிடுவது எளிது. அவ்வாறு எண்ணியதனால், அமெரிக்காவிலே ஓர் ஏழைத் தாய் தனக்குரிய புகழை நெடுங்காலம் இழந்து கிடந்தாள்.

1892ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1ந் திகதி, நியூயோர்க் துறைமுகத்தை அடுத்த எல்லிஸ் தீவிலே, குடியேறுவோரைப் பதியும் புதிய நிலையம் திறக்கப்பட்டது. 1954இல் அது மூடப்படுமுன் 1 கோடி 20 இலட்சம் மக்கள் அவ்வழியே அமெரிக்கா புகுந்தனர். அவர்கள் அனைவர்க்கும் முதல்வியாய்ப் பதியப்பெற்றவள் அன்னி மூர் என்னும் 17 வயது அயர்லாந்துப் பெண். கோர்க் பகுதியினளான அவள், குயின்ஸ்ரவுன் துறையிலே 'நெவாடா' என்னும் கப்பலேறித் தம்பியர் இருவரோடு வந்தாள். பெற்றோர் முன்னரே நியூயோர்க்கில் வாழ்ந்துவந்தனர். அதிகாரிகள் அவளுக்குப் பத்து டொலர் பொற்காசொன்றைப் பரிசளித்தனர். அதன்பின் அவள் என்ன ஆனாள்?

நெடுநாள் வழங்கிய விடை இது: அன்னி மேற்கே டெக்ஸாஸ் மாநிலம் சென்று மணம் முடித்தாள், 1923ஆம் ஆண்டில் டிராம் வண்டி மோதி மாண்டாள். அக்குடும்பத்தார் அவளுடைய வழித்தோன்றல்களாக விழாக்களிலே கௌரவிக்கப்பட்டனர். அவர்கள் வஞ்சகரல்லர், வீட்டிலே வழிவழி வந்த கதையை நம்பினர்.

மரபாராய்ச்சியாளரான மேகன் ஸ்மோலென்யாக் அம்மையார் அக்கதையைப் பத்திரங்களோடு ஒப்புநோக்கினார். டெக்ஸாஸ் அன்னி அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்திலேயே பிறந்தவளென அவை கூறின! அங்ஙனமாயின் கப்பலில் வந்தவள் யார்? அம்மையார் ஆயிரம் டொலர் பரிசு அறிவித்துப் பிறர் துணையையும் நாடினார். 2006ஆம் ஆண்டில் விடை கிடைத்தது.

மணமானதும் பெண்ணின் குடும்பப் பெயர் மாறிவிடும். மூர் என்று தேடின் அவள் அகப்படாள். தம்பியின் பெயரோ மாறுவதில்லை. தம்பி பிலிப்பின் பிரசாவுரிமைப் பத்திரம் அகப்பட்டது. அதைப் பற்றிச் சென்றோர் அவருடைய சந்ததியாரையும், பின்னர் அக்காளின் வரலாற்றையும் கண்டனர்.

அன்னி மேற்கே சென்றவளே அல்லள். நியூயோர்க்கில், ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த மன்ஹற்றன் கீழ்க்கிழக்குப் பகுதியிலேயே தன் வாழ்நாளைக் கழித்தாள். ஜேர்மனிய வழிவந்த ஜோசப் ஷேயர் என்பவரை மணந்து, குறைந்தது 11 மக்களைப் பெற்றாள். வளர்ந்து ஆளானவர் ஐவரே. 1924ஆம் ஆண்டில் இறந்து, கல்வாரி இடுகாட்டிலே, தனக்கு முன் மடிந்த மக்களோடு அடக்கம் செய்யப்பட்டாள். அக்குழிக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை.

1993ஆம் ஆண்டிலே, புறப்பட்ட துறையிலும் வந்திறங்கிய தீவிலும் அவளுக்குச் சிலைகள் எழுந்தன. அப்பொழுதும் அவள் உறங்கும் இடத்தை எவரும் அறிந்திலர். 2008ஆம் ஆண்டிலேதான் அயர்லாந்துக் கல்லிற் செதுக்கிய சிலுவை அங்கே நாட்டப்பட்டது.

மேற்கே சென்றவளின் கதை கேட்பதற்கு இனியது. நகரத்து ஏழையின் கதை துயரமானது. ஆயினும் பிள்ளைகளைப் புதைத்த அத்தாய்க்கு உரியது அவளுடைய சொந்தக் கதையே அன்றோ?

மாணவர்களே, பாட்டி கூறும் கதையைப் போற்றிக் கேளுங்கள், குறித்தும் வையுங்கள். பின்னர் பிறப்பு, விவாக, மரணப் பத்திரங்களோடு அதனை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றேல், நம் மூதாட்டிக்கு உரிய கல் வேறொருவர் குழியின்மேல் நின்றுவிடக்கூடும்.